10 நிமிட நேர்காணல், 5 லட்சம் டாலர்... ஸ்டார்ட்அப் 'ஆக்சிலரேட்டர்' என்றால் என்ன? பதிலுக்கு நிறுவனர் கொடுப்பது எவ்வளவு?

2008-ம் ஆண்டு. ஒபாமாவா, மெக்கெய்னா என்று அமெரிக்கத் தேர்தல் களம் சூடாக இருந்த நேரம். சான் பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு இளைஞர்கள் அட்டைப்பெட்டிகளை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தது காலை உணவு சீரியல். ஒரு பெட்டிக்கு 'ஒபாமா ஓஸ்', இன்னொன்றுக்கு 'கேப்டன் மெக்கெய்ன்ஸ்' என்று பெயர். விலை 40 டாலர். அதை விற்றுச் சுமார் 30,000 டாலர் சேர்த்தார்கள்.

ஆனால் அவர்களின் உண்மையான தொழில் சீரியல் விற்பது இல்லை. வீட்டில் காலியாக இருக்கும் அறையை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடும் இணையதளம். அது ஓடவில்லை, முதலீட்டாளர்களும் கைவிரித்துவிட்டார்கள். கடைசி முயற்சியாக ஒரு இடத்தில் விண்ணப்பித்தார்கள். நேர்காணலில் யோசனையைவிட அந்த சீரியல் பெட்டிதான் எடுபட்டது. 'இதையே 40 டாலருக்கு விற்றவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள்' என்று தேர்வாளர்கள் நினைத்தார்கள். கிடைத்த தொகை 20,000 டாலர். பதிலுக்குக் கொடுத்தது நிறுவனத்தின் 6 சதவீதப் பங்கு.

அந்த நிறுவனம்தான் ஏர்பிஎன்பி. 2020 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலானது. அவர்களைச் சேர்த்துக்கொண்ட இடம் 'ஒய் காம்பினேட்டர்', சுருக்கமாக ஒய்.சி. உலகின் மிகப் பிரபலமான ஸ்டார்ட்அப் ஆக்சிலரேட்டர் இது.

சீரியல் கதையை ஸ்டார்ட்அப் கூட்டங்களில் அடிக்கடி கேட்கலாம். அந்த 6 சதவீதத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்க முடியாது. ஆக்சிலரேட்டர் எப்படி இயங்குகிறது, அதில் சேர என்ன வழி, சேர்ந்தால் என்ன விலை? பார்க்கலாம்.

அது என்ன ஆக்சிலரேட்டர்?

வாகனத்தை வேகமெடுக்க வைப்பது ஆக்சிலரேட்டர். இங்கேயும் அதே வேலைதான். தொடக்க நிலையில் இருக்கும் நிறுவனங்களைக் குழுவாகச் சேர்த்து, சுமார் 3 மாதம் பயிற்சியும் ஆலோசனையும் கொடுத்து, கொஞ்சம் முதலீடும் போட்டு, பதிலுக்குப் பங்கு வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் 'டெமோ டே' நடக்கும். ஒவ்வொரு நிறுவனமும் முதலீட்டாளர்கள் முன்னால் சில நிமிடங்களில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் நாள் அது.

இன்குபேட்டர் என்பது வேறு. அங்கே இடம், ஆய்வகம், வழிகாட்டுதல் போன்றவை கிடைக்கும், கால அளவும் பெரும்பாலும் நீளம். ஆக்சிலரேட்டரில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் முன்கூட்டியே முடிவாகிவிடும்.

இந்த முறையைத் தொடங்கிவைத்தது ஒய்.சி.தான். 2005 மார்ச்சில், மாசசூசெட்ஸ் மாகாணத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பால் கிரஹாம், ஜெசிகா லிவிங்ஸ்டன், ராபர்ட் மோரிஸ், டிரெவர் பிளாக்வெல் ஆகிய 4 பேர் தொடங்கினார்கள். அந்தக் கோடையில் சேர்ந்த முதல் குழுவில் 8 நிறுவனங்கள். அதில் ஒன்று ரெட்டிட். அதன் நிறுவனர்கள் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 12,000 டாலர். அடுத்த ஆண்டே கொலராடோவில் டெக்ஸ்டார்ஸ் வந்தது. அதன்பிறகு உலகம் முழுக்க இந்த முறை பரவியது.

நிறுவனர் வாழ்க்கை: எல்லாமே 'ரன்வே' கணக்கு

'சொந்தக் கம்பெனி, நானே பாஸ்' என்று வெளியே தெரியும். உள்ளே தினமும் ஓடுவது ஒரே கணக்கு: கையில் இருக்கும் பணம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும்? இதற்கு 'ரன்வே' என்று பெயர்.

ஒரு உதாரணம். கையில் 6 லட்சம் ரூபாய். மாதச் செலவு 75,000. வருமானம் எதுவும் இல்லை என்றால் 8 மாதத்தில் ஓடுபாதை முடிந்துவிடும். மாதம் 25,000 ரூபாய் வருமானம் வந்தால்? கையை விட்டுப் போவது 50,000தான், ரன்வே 12 மாதமாக நீளும். நிறுவனர்கள் மாதாமாதம் பார்க்கும் 'பர்ன்' என்பது இந்த 50,000தான்.

நிறுவனரின் சாப்பாடு, வாடகைக்காவது நிறுவனத்தின் வருமானம் போதும் என்ற நிலையை பால் கிரஹாம் 'ரேமன் புராஃபிடபிள்' என்று குறிப்பிட்டார். ரேமன் என்பது மலிவான நூடுல்ஸ். நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டாவது ஓட்டிவிடலாம் என்று அர்த்தம். அந்த நிலைக்கு வந்துவிட்டால், முதலீட்டாளர் முன்னால் அவசரப்பட்டு எதற்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

பணம் ஒரு பக்கம் என்றால், மனிதர்கள் இன்னொரு பக்கம். வீட்டில் 'எப்போ ஒரு நல்ல வேலைக்குப் போகப் போறே?' என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். கூடவே தொடங்கிய நண்பர் ஆறாவது மாதத்தில் 'எனக்கு வேற வேலை கிடைச்சிருச்சு' என்று விலகலாம். அப்போது அவர் பாதிப் பங்கோடு போனால் கம்பெனி அங்கேயே முடங்கும். அதற்காகத்தான் 'வெஸ்டிங்' என்ற ஏற்பாடு. வழக்கமாக 4 ஆண்டுக் கணக்கு. முதல் ஓராண்டுக்குள் விலகினால் பங்கு எதுவும் கிடையாது. அதன்பிறகு மாதம் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும். நட்பு நன்றாக இருக்கும்போதே இதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள்?

ஒய்.சி. ஆண்டுக்கு 4 முறை ஆள் எடுக்கிறது. விண்ணப்பம் இணையவழி. கேள்விகள் பார்ப்பதற்கு எளிமையானவை:

- உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது? 50 எழுத்துக்குள் சொல்லுங்கள்.
- இதுவரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்? பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்களா, வருமானம் வருகிறதா?
- நிறுவனர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு காலமாகத் தெரியும்?
- போட்டியாளர்கள் யார்? அவர்களுக்குப் புரியாத எது உங்களுக்குப் புரிந்திருக்கிறது?

இதோடு நிறுவனர்கள் பேசும் 1 நிமிட வீடியோவும் வேண்டும். இசை, கிராஃபிக்ஸ் எதுவும் தேவையில்லை. நேராக கேமராவைப் பார்த்துப் பேசினால் போதும்.

பலர் தடுமாறுவது முதல் கேள்வியில்தான். 'செயற்கை நுண்ணறிவு மூலம் சில்லறை வணிகத்தில் புரட்சி' என்று எழுதினால் எதுவும் புரியாது. 'மளிகைக் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் பில் போடும் ஆப்' என்றால் உடனே புரியும். யார் பயன்படுத்துவார்கள், எதற்கு என்று இரண்டுமே அதில் இருக்கிறது. ஒய்.சி.யின் தாரக மந்திரமே 'மக்களுக்கு வேண்டியதைச் செய்' என்பதுதான்.

போட்டி கடுமையானது. 2024 குளிர்காலக் குழுவுக்கு 27,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. தேர்வானவை சுமார் 260. அதாவது 1 சதவீதத்துக்கும் கீழே.

முதல் கட்டத்தைத் தாண்டினால் நேர்காணல். மொத்தமே 10 நிமிடம்தான். ஸ்லைடு போட்டு விளக்க நேரம் கிடைக்காது, கேள்விக்கு மேல் கேள்வி வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்போம் என்று சொல்பவர்களுக்கு அது பாதகம் இல்லை. சுற்றி வளைத்துப் பேசினால் அதிலேயே நேரம் போய்விடும்.

5 லட்சம் டாலர் சும்மா வருமா?

வராது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பங்கு விஷயத்தில் அது அப்படியே பொருந்தும்.

2022 முதல் ஒய்.சி. கொடுக்கும் தொகை 5 லட்சம் டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 4.25 கோடி ரூபாய். இது இரண்டு பகுதியாக வரும்.

முதல் பகுதி 1,25,000 டாலர். இதற்கு 7 சதவீதப் பங்கு. அப்படியானால் மொத்த நிறுவனத்தின் மதிப்பு சுமார் 17.86 லட்சம் டாலர் என்று கணக்காகிறது.

இரண்டாம் பகுதி 3,75,000 டாலர். இதற்கு எத்தனை சதவீதம் என்று இப்போது முடிவாகாது. அடுத்து வரும் முதலீட்டாளர்களுக்கு நீங்கள் கொடுக்கும் விதிமுறைகளில் எது அவர்களுக்குச் சாதகமோ, அதுவே ஒய்.சி.க்கும் பொருந்தும்.

உதாரணமாக, அடுத்து வருபவர் உங்கள் நிறுவனத்தை 1 கோடி டாலராக மதிப்பிட்டு 10 லட்சம் டாலர் போடுகிறார். அவருக்கு 10 சதவீதம். ஒய்.சி.யின் 3,75,000 டாலர் அதே மதிப்பில் 3.75 சதவீதமாகும். ஏற்கெனவே உள்ள 7 சதவீதத்தோடு சேர்த்து ஒய்.சி.க்கு 10.75 சதவீதம். மீதி 79.25. இரண்டு நிறுவனர்கள் சமமாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 39.6 சதவீதம். ஊழியர்களுக்கான பங்கு ஒதுக்கினால் இன்னும் குறையும். இது தொடக்கம்தான், அடுத்தடுத்த சுற்றுகள் வர வர இன்னும் கரையும்.

இந்தப் பணம் கடன் இல்லை என்பதும் முக்கியம். வட்டி, தவணை எதுவும் கிடையாது. 'சேஃப்' என்ற ஒப்பந்த வடிவத்தில் வருகிறது. 2013-ல் ஒய்.சி.யே அறிமுகம் செய்த முறை இது. பின்னால் முறையான முதலீட்டுச் சுற்று நடக்கும்போது பங்காக மாறும். நிறுவனம் மூடப்பட்டால், நிறுவனர் தன் சொந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

இந்திய நிறுவனர்களுக்கு இன்னொரு சிக்கல்

ரேஸர்பே, மீஷோ, க்ரோ, ஜெப்டோ எல்லாமே ஒய்.சி. வழியாக வந்தவை. 2021-ல் சேர்ந்தபோது ஜெப்டோவின் பெயர் கிரானாகார்ட், அருகில் உள்ள மளிகைக் கடைகளிலிருந்து பொருள் எடுத்துக் கொடுக்கும் முறை. பிறகுதான் சொந்தக் கிடங்கு, 10 நிமிட டெலிவரி என்று மாறியது.

இந்தியாவில் பதிவான நிறுவனத்தில் ஒய்.சி. நேரடியாக முதலீடு செய்வதில்லை. அமெரிக்கா, சிங்கப்பூர், கேமன் தீவுகள் போன்ற இடங்களில் தாய் நிறுவனம் இருக்க வேண்டும். இந்திய நிறுவனம் அதன் துணை நிறுவனமாகும். இதை 'ஃபிளிப்' என்கிறார்கள். ஆரம்பத்தில் வழக்கறிஞர், ஆடிட்டர் செலவோடு முடிந்துவிடும். ஆனால் வளர்ந்தபிறகு இந்தியப் பங்குச்சந்தைக்கு வர நினைத்தால் திரும்பி வர வேண்டும். க்ரோ 2024-ல் அப்படித் தலைமையகத்தை அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு மாற்றியபோது சுமார் 1,340 கோடி ரூபாய் வரி கட்டியது. வாடிக்கையாளர், ஊழியர், எதிர்காலப் பங்கு வெளியீடு எல்லாமே இந்தியாவில்தான் என்றால், இதை முதல் நாளே யோசிப்பது நல்லது.

கிடைக்கவில்லை என்றால்?

ரெட்டிட் நிறுவனர்கள் முதலில் கொண்டுபோனது செல்போனில் உணவு ஆர்டர் செய்யும் திட்டம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஊருக்குத் திரும்பும் வழியில் போன் வந்தது: 'அந்த யோசனை வேண்டாம், நீங்கள் வேண்டும்.' டிராப்பாக்ஸ் தொடங்கிய டிரூ ஹூஸ்டனும் வேறொரு திட்டத்தோடு முன்பே விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்தான். 2007-ல் டிராப்பாக்ஸோடு உள்ளே போனார். 2018-ல் அது பங்குச்சந்தைக்கு வந்தது. ஒய்.சி. நிறுவனங்களில் அங்கே போன முதல் நிறுவனம் அதுதான்.

ஆக்சிலரேட்டர் ஒன்றே வழியும் அல்ல. 1996-ல் தொடங்கிய ஜோஹோ வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்தது. சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் ஒய்.சி. வழியாக வரவில்லை, 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலானது.

விண்ணப்பிக்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்:

- 3 மாத வேகமும் முதலீட்டாளர் அறிமுகமும் என் தொழிலுக்கு இப்போது தேவையா, அல்லது முதல் 10 வாடிக்கையாளர்கள்தான் தேவையா?
- கையில் உள்ள ரன்வே எத்தனை மாதம்? முடிவு வரும்வரை தாங்குமா?
- இணை நிறுவனரோடு பங்குப் பிரிப்பும் வெஸ்டிங்கும் எழுத்தில் இருக்கிறதா?
- கொடுக்கும் 7 சதவீதமும் அதற்கு மேலும், 5 ஆண்டு கழித்து யோசித்தாலும் நியாயமாகப் படுமா?

விண்ணப்பப் படிவத்தை நிரப்பிப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், 'என் நிறுவனம் என்ன செய்கிறது?' என்ற முதல் கேள்விக்கு 50 எழுத்தில் பதில் எழுதிப் பாருங்கள். அது வரவில்லை என்றால், அடுத்த வேலை முதலீட்டாளரைத் தேடுவது இல்லை, வாடிக்கையாளரிடம் போய்ப் பேசுவதுதான்.