ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5' என்று இருக்கிறதா? அப்படின்னா என்ன?

"ஜவ்வு விலகிடுச்சாம்..." முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வருபவர்கள் வீட்டில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று இருக்கும். அது எந்த இடம்? உண்மையிலேயே ஏதாவது விலகுதா?

பிறக்கும்போது நம் முதுகெலும்பில் பொதுவாக 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே இருக்கும் 5 எலும்புகள் வளர வளர ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். கடைசி 4 சின்ன எலும்புகள்தான் வால் எலும்பு. (ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் 7 எலும்புதான்!)

ரிப்போர்ட்டில் 'எல்' என்பது இடுப்பு எலும்புகள். எண்ணிக்கை மேலிருந்து கீழே போகும். அதாவது எல்4-எல்5 என்றால் இடுப்பின் கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க். இடுப்பில் கைவைத்து நின்றால் கை உட்காரும் எலும்பு மேட்டுக்கு ஏறக்குறைய நேர் பின்னால். மேல் உடம்பின் பாரம் முழுக்க இறங்குவதும், குனியும்போது அதிகம் வளைவதும் இந்தப் பகுதிதான். அதனால்தான் இங்கேயும், இதற்கு அடுத்த எல்5-எஸ்1 டிஸ்க்கிலும் பிரச்னை அதிகம்.

டிஸ்க்குக்கு வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே ஜெல்லி. மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் கேரம் காயின் மாதிரி வழுக்கி நகராது. வளையம் தளர்ந்து புடைத்தால் 'பல்ஜ்'. கிழிந்து ஜெல்லி பிதுங்கினால் 'ஹெர்னியேஷன்'. ஆக, தட்டி உட்கார வைக்க அங்கே எதுவும் இடம் மாறவில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் பல்ஜ் தெரிவது சகஜம்தான்.

பிதுங்கியது நரம்பை அழுத்தினால் வலி பின்புறத்திலிருந்து காலுக்கு இறங்கும். இதுதான் சயாட்டிகா. பெரும்பாலானோருக்கு சில வாரங்களில், ஆபரேஷன் இல்லாமலேயே குறைந்துவிடும்.

ஆனால் ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. மூளையிலிருந்து வரும் தண்டுவடம் எல்1-எல்2 பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்புக் கற்றை. கால், சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாவற்றுக்கும் நரம்பு போவது இதிலிருந்துதான். இந்தக் கற்றையே மொத்தமாக நசுங்கினால் தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போகும்; சிறுநீர் வராது, அல்லது தெரியாமலேயே போய்விடும்; கால்கள் வலுவிழக்கும். இதில் எது தெரிந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க. தாமதமானால் இந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.