பின்னதிர்வும் வடமராட்சிக் கரையும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மீது அமைந்த தாழ்நிலமாகும். ஏறி நிற்பதற்கு அங்கு மலையில்லை. கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்கு மேல் உயர்ந்த நிலமும் அரிது. வலிய நிலநடுக்கம் எதனையும் கண்டு பழகாத இந்நிலத்தின் வரலாற்றில், வங்கக் கடலின் மறுபுறத்தே சுமாத்திரா முதல் அந்தமான் வரை நீளும் ஆழ்கடற் பள்ளத்தின் அசைவுகள் இடம்பெற்றுவிட்டன. அவ்வசைவுகளைத் தொடர்ந்து வரும் பின்னதிர்வுகளைக் கரையோர மக்கள் எங்ஙனம் பொருள்கொள்ளுதல் வேண்டும் என்பது உயிரோடு தொடர்புடைய வினாவாதலின், அதனை வரலாற்று நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து.

இக்கடலின் நடுக்கங்கள் பற்றிய கருவிச் சான்று 1881 டிசம்பர் 31ஆம் நாளிலிருந்து கிடைக்கின்றது. அன்று கார் நிக்கோபாருக்கு மேற்கே, பிற்கால மதிப்பீட்டின்படி 7.9 அளவான நடுக்கம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலையை வங்கக் கடலைச் சூழ்ந்திருந்த எட்டு நீர்மட்டப் பதிகருவிகள் குறித்தன. அலையின் உயர்ச்சி 0.8 மீற்றரைத் தாண்டவில்லை. கடலடி நடுக்கம் தொலைவிலுள்ள கரையை எட்டும் என்னும் உண்மை அன்றே ஏட்டில் ஏறியது. ஆயினும் அழிவு நேராமையால் அது மக்கள் நினைவில் நிலைக்கவில்லை.

பெருநடுக்கம் ஒன்றின்பின் பாறைகள் புதிய நிலைக்கு இணங்கும்போது எழும் சிறு நடுக்கங்களே பின்னதிர்வுகளாம். அவற்றின் எண்ணிக்கை நாட்செல்லச் செல்ல ஓர் ஒழுங்குடன் குறைகின்றது என்பதை யப்பானிய அறிஞர் ஓமோரி 1894இல் நிறுவினார். ஆனால் பின்னதிர்வு என்னும் பெயர் நிகழ்வின் பின்னரே இடப்படுவது. அடுத்து அதனினும் பெரிய நடுக்கம் வருமாயின், பின்னதிர்வு எனக் கருதப்பட்டது முன்னதிர்வு ஆகிவிடும். ஆதலின் பெயரைக் கொண்டு மட்டும் அச்சத்தையோ ஆறுதலையோ அளந்துகொள்ள இயலாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள், இலங்கை நேரப்படி காலை 6.58 மணிக்குப் பின் சுமாத்திராவின் வடமேற்கே தொடங்கிய முறிவு, ஏறத்தாழ 1300 கிலோமீற்றர் தூரம் வடக்கே பரவியது. அதன் அளவு 9.1 எனப் பின்னர் கணிக்கப்பட்டது. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் முதலில் அதனை 8.0 எனவே மதித்தது. இந்துமாக்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இருக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலைகள் வடமராட்சி கிழக்கை அடைந்தன. மணற்காடு, ஆழியவளை, உடுத்துறை, மருதங்கேணி முதலிய ஊர்கள் சிதைந்தன. போரால் அலைந்து, 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் மீளக் குடியமர்ந்திருந்த குடும்பங்கள் பல அங்கு வாழ்ந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். வள்ளமும் வலையும் போயின. நன்னீர்க் கிணறுகளும் உவர்ப்புற்றன.

அன்றைய பின்னதிர்வுகளுள் மிகப் பெரியது, 7.2 அளவினது, நிக்கோபார்ப் பகுதியில் காலை 10.21 மணியளவில் நிகழ்ந்தது. அவ்வேளையில் கரையோர மக்கள் பிணங்களிடையே உறவினரைத் தேடிக்கொண்டிருந்தனர். அவர்களைக் காத்திருக்கக்கூடிய செய்தி முதல் நடுக்கத்தைப் பற்றியது, அது வரவில்லை.

அதன் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 2005 மார்ச் 28ஆம் நாள் இரவு நியாஸ் தீவினருகே 8.6 அளவான நடுக்கம் நிகழ்ந்தபோது, இலங்கைக் கரைகளில் மக்கள் குழந்தைகளுடன் உள்நாடு நோக்கி விரைந்தனர். முறிவின் பெரும்பகுதி தீவுகளுக்கும் ஆழங்குறைந்த கடலுக்கும் கீழே நிகழ்ந்தமையால், பெயர்ந்த நீர் குறைவாயிற்று. 2012 ஏப்ரல் 11இல் 8.6 அளவான நடுக்கமும், இரண்டு மணி நேரத்தின்பின் 8.2 அளவான பின்னதிர்வும் நேர்ந்தன. அங்கு பாறைகள் மேலெழாது பக்கவாட்டில் நகர்ந்தன. ஆகவே அலை சிறிதாயிற்று. இருமுறையும் அழிவு வாராமைக்குக் காரணம் நடுக்கத்தின் இடமும் இயல்புமே. மக்கள் ஓடியது தவறெனக் கூறுவார் இல்லை.

மாறாக, ஆள்வழக்கற்ற கடற்பரப்பின் கீழே 5.5 அளவில் நிகழும் மிதமான பின்னதிர்வு வேறு தன்மையது. 9.1 அளவான நடுக்கத்தின் ஆற்றல் அதனைப்போல் இரண்டு இலட்சம் மடங்கிற்கும் மேற்பட்டது. அத்தகைய பின்னதிர்வால் கடல் பொங்குவதில்லை. ஆயினும் அச்செய்தி ஒவ்வொன்றும் ஒரே குரலில் அறிவிக்கப்படுமாயின், மக்கள் ஒன்றில் ஓயாது அஞ்சுவர். அன்றேல் கேட்டுக் கேட்டுச் சலித்து, மெய்யான எச்சரிக்கையையும் புறக்கணிப்பர். இரண்டாவதே பெருங்கேடு.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், 2007இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற எச்சரிக்கை மையமும் இவ்வனுபவத்தின் விளைவுகளாம். கருவி அறிவதை மீனவர் அறியும் மொழியில் உரைப்பதே எஞ்சிய பணி: நடுக்கம் எத்துணைப் பெரிது, எங்கே நிகழ்ந்தது, கடற்றளம் மேலெழுந்ததா என்னும் மூன்றும் தெளிவாகச் சொல்லப்படுதல் வேண்டும். உடுத்துறை நினைவாலயத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 26இல் விளக்கேற்றப்படுகின்றது. அங்கு துயில்வோருக்கு அந்த இரண்டு மணி நேரமும் வாய்த்திருந்தது, சொல்வாரே இல்லை.