கண்ணைச் சுற்றி ஒரு கறுப்பு

அக்கா டாக்டருக்குப் படிச்ச காலத்து 'ஹட்சிசன்' புத்தகம் எங்க வீட்டுப் பரணில் கிடந்தது. போன வாரம் தூசு தட்டும்போது கைக்கு வந்துச்சு. 1897-ல் முதல் பதிப்பு வந்த 'கிளினிகல் மெத்தட்ஸ்'தான் அது. நோயாளியை எப்படிக் கேட்டு, பார்த்து, தொட்டு அறிவது என்று சொல்லித்தருகிற புத்தகம். யாருப்பா இந்த ஹட்சிசன்னு தேடப்போய் மாட்டிய கதை இது. (நான் டாக்டர் இல்லை, சும்மா சரித்திரம் படிக்கிறவன்.)

ராபர்ட் ஹட்சிசன் லண்டன் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1907-ல் ஒரு கட்டுரை எழுதினார். சின்னக் குழந்தைகள், இமை கறுத்து, விழி பிதுங்கி வருகிறார்கள். பார்த்தால் எங்கேயோ முட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஆனால் கோளாறு கண்ணில் ஆரம்பிக்கவில்லை. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி. அது மண்டை எலும்புக்கும் கண்குழிக்கும் பரவி, அங்கே ரத்தம் கசிந்ததால்தான் அந்தக் கறுப்பு.

இதற்கு ஆறு வருஷம் முன்னால், 1901-ல், அமெரிக்காவில் வில்லியம் பெப்பர் என்பவர் கைக்குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். அங்கேயும் அட்ரினல் கட்டிதான், ஆனால் பரவியது கல்லீரலுக்கு. உடனே வலதுபக்கக் கட்டி கல்லீரலுக்குப் போகும், இடதுபக்கக் கட்டி மண்டைக்குப் போகும் என்று ஒரு கணக்குப் போட்டார்கள். கேட்க அழகாத்தான் இருக்கு, ஆனா தப்பு!

1910-ல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது வளர்ந்து முடியாத நரம்புச் செல்களின் கட்டி என்று சொல்லி 'நியூரோபிளாஸ்டோமா' எனப் பெயர் வைத்தார். ஆக, பெப்பர் பார்த்ததும் ஹட்சிசன் பார்த்ததும் ஒரே நோய்.

முகம்தான் வேறு. 1971-ல் எவான்ஸ், டாஞ்சியோ, கூப் மூவரும் ஒரு விசித்திரத்தைத் தனியாகப் பிரித்துச் சொன்னார்கள். ஒரு வயதுக்குள்ளான சில குழந்தைகளுக்குக் கல்லீரல், தோல் வரை பரவியிருந்தாலும் கட்டி தானாகவே கரைந்துவிடுவதுண்டு. எலும்புக்குப் பரவிய பெரிய குழந்தைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. அவர்களுக்கு இன்று கீமோ, அறுவை, ஸ்டெம்செல், ஆன்டிபாடி என்று நீண்ட போராட்டம். சிலர் மீள்கிறார்கள், எல்லாரும் இல்லை.

என்னை உறுத்துவது வேற விஷயம். கண் கறுத்த குழந்தையைப் பார்த்ததும் நமக்கு முதலில் என்ன தோணும்? "விழுந்திருப்பான்". இல்லேன்னா, "யாரோ அடிச்சிருக்காங்க". இரண்டுமே பல நேரம் உண்மைதான், விசாரிக்கத்தான் வேணும். ஆனால் இந்த நோயை அடி என்று தவறாக நினைத்ததும் நடந்திருக்கிறது. உள்ளே புற்று வளர, வெளியே பெற்றவர்கள் தலைகுனிந்து நிற்பதை யோசிச்சுப் பாருங்க.

விழாத குழந்தைக்குக் கண் கறுத்தால், வயிற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹட்சிசன் கட்டுரையிலிருந்து எனக்குக் கிடைச்ச பாடம் இவ்வளவுதான். புத்தகத்தைப் பரணில் திரும்பப் போடலை, அலமாரியிலேயே வெச்சுட்டேன்.