கைமடியும் முதலாளியும்: திருப்பூரில் தொழிலறிவின் வரலாறு

திருப்பூரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்திரங்களையும் ஏற்றுமதியையும் எண்ணுகிறார்கள். தொழிலறிவு எங்கே குடியிருந்தது, யாரோடு வெளியேறிப் போனது என்ற கேள்வி அந்தக் கணக்கில் விழுவதில்லை.

சின்ன பனியன் கம்பெனிகளில் எதையும் எழுதி வைத்ததில்லை. பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வெட்டுமுன் எவ்வளவு நேரம் தளர விடணும் என்பது கட்டிங் மாஸ்டரின் விரல்களில் இருந்தது. நான் கைமடியாக நின்ற காலத்தில் கேட்டுப் பார்த்தேன். ‘கேட்டா வராது கண்ணு, தொட்டுப் பாரு’ன்னார். மைக்கேல் போலன்யி 1966இல் உள்ளுறை அறிவு பற்றி நூலெழுதினார். எங்களுக்கு அது துணி மேசையில் கிடைத்தது, அவ்வப்போது ஒரு குட்டோடு.

1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பின் வேலை மேலும் சிதறியது: பின்னுவது ஓரிடம், சாயமேற்றுவது ஓரிடம், தைப்பது காண்ட்ராக்ட். சங்கத்தை உடைத்த தந்திரமாகவே இதை வாசிக்கிறோம். அது சரிதான். ஆனால் அறிவும் அப்போது துண்டானது. துண்டுகளுக்கிடையே நடமாட முடிந்தவனுக்கே முழுத்தொழில் கைவந்தது. நடமாட உறவு வேண்டும், கடன் வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். தொழிலாளியாயிருந்து முதலாளியான கவுண்டர்கள் தம் ‘உழைப்பையே’ மூலதனமாகச் சொன்னதை ஷரத் சாரி 2004இல் வெளிவந்த நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பேச்சு பொய்யில்லை. யாருடைய உழைப்பு மூலதனமாகும், யாருடையது வெறும் கூலியாகவே நிற்கும் என்பதை அது மறைக்கிறது, அவ்வளவுதான். தலித்துகளுக்கும் பெண்களுக்கும் அந்தப் பாதை பெரும்பாலும் திறக்கவில்லை.

செக்கிங் மேசைப் பெண்ணின் கண் ஊசிக்கோட்டையும் எண்ணெய்க்கறையையும் ஒரே வீச்சில் பிடிக்கும். அதை யாரும் திறமை என்பதில்லை. ‘பொம்பளைங்களுக்கு இதெல்லாம் தானா வரும்’ என்பார்கள். திறமையை இயற்கையாக்கிவிட்டால் கூலி கூட்ட வேண்டியதில்லை.

இன்று அதே முதலாளிகள் புலம்புகிறார்கள்: ‘ஆளே நிக்கறதில்லைங்க, தொழில் கத்துக்கிட்டு ஓடிடறாங்க.’ (இவர்களும் அப்படி ஓடி வந்தவர்கள்தானே!) பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவருக்கு ஒரே ஒரு தையல்தான் கற்றுத்தரப்படுகிறது. கழுத்துப்பட்டி வைப்பவர் நாள் முழுக்கக் கழுத்துப்பட்டிதான் வைக்கிறார். அவர் எடுத்துப் போக என்ன இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருபது வருஷம் செக்கிங் செய்தார். கம்பெனி நோட்டில் அவர் பெயருக்கு நேரே பீஸ் கணக்கு மட்டும்தான் இருந்தது.