நாடாக்கட்டை வந்த வழி



பழைய தறிகளை எடைக்குப் போடுவது நம் பக்கம் சகஜமாகிவிட்டது. இரும்புக்காவது காசு வருகிறது. மரம் அடுப்புக்குப் போகிறது. அந்த மரத்தின் கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாடா என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பாவாடை நாடாதான் ஞாபகம் வரும். நமக்கு அது, பாவுக்கு நடுவே ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் படகு வடிவக் கட்டை. கயிற்றைச் சுண்டி அதை ஓடவிடும் முறையை 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்தார். விசைத்தறி வந்த பிறகு இயந்திரமே அடித்தது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடி. கட்டை பிளக்கக் கூடாது; சிலாம்பு கிளம்பினால் பாவு அறுந்துபோகும்; தேயத் தேய வழவழப்பு ஏறவேண்டும். குறி தப்பி வெளியே பறந்தால் ஆளையே அடித்துவிடும். என் வகுப்பில் புருவத்துத் தழும்போடு உட்கார்ந்த பையனிடம் காரணம் கேட்க வேண்டியதே இல்லை.

லங்காஷயரில் முதலில் பாக்ஸ்வுட் மரத்தில் நாடா செய்தார்கள். அது கிடைப்பது அரிதானதும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டாக்வுட், பெர்சிமன் மரங்களுக்கு மாறினார்கள். பெர்சிமன் நம் கருங்காலிக்குப் பங்காளி, ஒரே பேரினம். டாக்வுட் சின்ன மரம். வீட்டுப் பலகை அறுக்கும் பெரிய மில்லுக்கு ஆகாது. கூரைக்கு வேயும் மரச்சில்லுக்கு ஒரு மில், பீப்பாய்ப் பலகைக்கு ஒரு மில், பொருள் உடையாமல் பொதிய மரச்சுருள் சீவ ஒரு மில் என்று அந்த நாட்டில் தனித்தனித் தொழில்கள் இருந்தன. நாடாக்கட்டைக்கும் அப்படியே. அறுத்த கட்டையைப் பொறுமையாகக் காயவைக்க வேண்டும், அவசரப்பட்டால் விரிசல். வெட்டிய டாக்வுட்டில் பெரும்பகுதி நாடாவுக்கே போனது.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் மில்கள் பெருகின. மில்லுக்கு வேண்டிய மரச்சாமான்கள் அப்போது கப்பலில்தான் வந்தன. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து தடைப்பட, உள்நாட்டு மரங்களுக்கு மவுசு கூடியது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் நம் மரங்களைச் சோதித்தது. பாபினுக்கு மஞ்சக்கடம்பு நன்றாகவே ஒத்துவந்தது. நாடாவுக்கு ஒரு மரம் வாய்ப்பது அத்தனை சுலபமில்லை. பிற்பாடு மெல்லிய மரத்தகடுகளைப் பிசின் தடவி அடுக்கி, சூட்டில் அழுத்திய கட்டையில் நாடா செய்தார்கள். பிளாஸ்டிக்கும் வந்தது.

1950-களில் சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் நாடா இல்லாத தறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் வட்டாரத்திலும் ரேபியர், ஏர்ஜெட் ஓடுகின்றன. சாதாத் தறி நிற்பதற்கு அவற்றை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2022 ஜனவரியில் நம் தறிகள் நின்றது நாடாவுக்காக அல்ல, கட்டுப்படியாகாத கூலிக்காக.

உங்கள் குடோன் பரணில் பழைய நாடா கிடந்தால் எரித்துவிடாதீர்கள். துடைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் அழுத்திய கட்டை. அடுக்கில்லாமல் இயல்பான மர ரேகை ஓடினால் முழு மரம். கடல் கடந்து வந்ததாகவும் இருக்கலாம். படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்ப்போம்.