எண்பதாண்டுப் போரும் ஸ்பெயினின் நிதி நெருக்கடியும்

எண்பதாண்டுப் போர் (1568–1648) என்பது ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராக நெதர்லாந்து மாகாணங்கள் நடத்திய போராகும். படைவலிமை நிலைக்க நிலையான வருவாயும் கடன் நாணயமும் தேவை என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வலிமைமிக்க படைகளுள் ஒன்று ஸ்பெயினிடம் இருந்தது. இன்றைய பொலிவியாவின் பொத்தோசியில் 1545இல் கண்டறியப்பட்ட வெள்ளி அதன் கருவூலத்துக்கு வளம் சேர்த்தது. எனினும் போர்ச்செலவு வருவாயை விஞ்சியது. இனி வரவிருந்த வெள்ளியைக் காட்டி வங்கியாளர்களிடம் கடன் வாங்கப்பட்டது. மன்னர் இரண்டாம் பிலிப்பு 1557, 1560, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தார்.

1575ஆம் ஆண்டு அறிவிப்பின் விளைவு கடுமையானது. ஊதியம் கிடைக்காத வீரர்கள் கலகம் செய்து, 1576 நவம்பர் 4 அன்று ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடத் தொடங்கினர். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். நான்கு நாட்களில், பிரிந்திருந்த மாகாணங்கள் கெண்ட் நகரில் உடன்பாடு செய்துகொண்டு, ஸ்பானியப் படைகளை வெளியேற்ற ஒன்றுபட்டன.

வடக்கு மாகாணங்களோ மீன்பிடி, கப்பல் கட்டுதல், பால்டிக் தானிய வணிகம் ஆகியவற்றால் வளர்ந்தன. வரி வருவாயை நம்பி அவற்றின் குடிமக்களே அரசுக்குக் கடன் கொடுத்தனர். அதனால் வட்டி குறைந்தது. படைக்கு ஊதியமும் ஓரளவு ஒழுங்காகக் கிடைத்தது. 1648இல் மூன்ஸ்டர் உடன்படிக்கையின் மூலம் ஸ்பெயின் அவற்றின் விடுதலையை ஏற்றுக்கொண்டது.