மைக்கை நெருங்கிய குரல்: ஜிம் ரீவ்ஸ் மீதான ரசிகப் பற்று குறித்து

கன்ட்ரி இசைப் பாடகர்களை ரசிகர்கள் தலைமுறை தாண்டியும் கொண்டாடுவதற்குப் பெரும்பாலும் அவர்களுடைய வாழ்க்கையே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு நாளில், 29 வயதில் இறந்தார். குடியும் முறிந்த மணவாழ்வும் அவர் பாட்டோடு சேர்ந்தே கேட்கப்படுகின்றன. மெர்ல் ஹாகார்ட் சிறையிலிருந்து வந்தவர். ஜானி காஷ் சிறைக்கைதிகளுக்குப் பாடியவர். இத்துறையில் 'அசல் தன்மை' என்பதே திட்டமிட்டு உருவாக்கப்படும் ஒன்று என்பதைச் சமூகவியலாளர் ரிச்சர்ட் பீட்டர்சன் 1997இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டினார். இந்த அளவுகோலை ஜிம் ரீவ்ஸிடம் கொண்டுபோனால் ஏறக்குறைய ஒன்றும் அகப்படாது. 1923இல் டெக்சஸின் பனோலா வட்டாரத்தில் பிறந்தார். பேஸ்பால் ஆட்டக்காரராக வர நினைத்துக் காயத்தால் விலகினார். வானொலி அறிவிப்பாளராக வேலை பார்த்தார். கோட்டும் டையுமாக நின்று பாடினார். 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில் அருகே அவர் தாமே ஓட்டிய சிறு விமானம் மழைப் புயலில் சிக்கி விழுந்தது. அகால மரணம்தான், ஆனால் அதைச் சுற்றிக் காவியம் எதுவும் எழவில்லை. அறுபது ஆண்டுகள் கடந்தும் நார்வே, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை எனப் பல நாடுகளில் அவர் கேட்கப்படுகிறார். இந்தப் பற்று பாடகரின் வாழ்க்கை மீதானதுமல்ல, அவர் பாடிய இசைவகை மீதானதுமல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்டடையப்பட்ட ஒரு நெருக்கத்தின் மீதானது என்பதே என் வாதம்.

அந்த நெருக்கம் அவருக்குப் பிறவியிலேயே அமைந்ததன்று. 1953இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'மெக்சிகன் ஜோ' உரத்த, துள்ளலான பாட்டு. அதைப் பாடியவரும் பின்னாளைய ரீவ்ஸும் ஒருவர்தானா என்று ஐயப்படத் தோன்றும். 1957இல் 'ஃபோர் வால்ஸ்' பதிவின்போது குரலை மந்தர ஸ்தாயிக்கு இறக்கி, உதடு மைக்கைத் தொடும் அளவுக்கு நெருங்கிப் பாடினார். பழைய பாணியைக் கைவிடுவதில் இசைத்தட்டு நிறுவனத்துக்கு முழுச் சம்மதம் இல்லை. தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் பக்கபலமாக நின்றார். 1959இல் பதிவான 'ஹீல் ஹேவ் டு கோ' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட, கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. பொதுப் பட்டியலிலும் இரண்டாம் இடம் வரை ஏறியது. அது ஒருவன் தன் காதலியிடம் தொலைபேசியில் பேசுவதாக அமைந்த பாட்டு. அவளருகே வேறொருவன் இருக்கிறான். ஆகவே குரல் தணிந்தாக வேண்டும். பாடலின் சூழலும் பாடும் நுட்பமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய பதிவுகள் குறைவு. கேட்பவர் அரங்கத்தில் இல்லை, தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார். ஊடகத்தில் தோன்றுபவரைப் பார்வையாளர் நேரில் பழகியவராகவே உணர்வதை ஆய்வாளர்களான ஹார்ட்டனும் வோலும் 1956இல், அதாவது இதே காலத்தில், விளக்கினார்கள். அவர்களுடைய முதன்மை எடுத்துக்காட்டு தொலைக்காட்சியில் முகம் காட்டிப் பேசுபவர். ரீவ்ஸின் இசைத்தட்டில் முகமே இல்லை. அந்த உறவு முழுவதையும் குரல் ஒன்றே சுமக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: பற்று நீடிக்கவில்லை, நீட்டிக்கப்பட்டது. அவர் மறைந்த பிறகு ஆறு பாடல்கள் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றன. மனைவி மேரி ரீவ்ஸும் நிறுவனமும் கையிருப்பிலிருந்த பதிவுகளை ஆண்டுக்கணக்கில் வெளியிட்டபடி இருந்தார்கள். வணிகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சரக்கைக் கடைக்குக் கொண்டுவரத்தான் வணிகத்தால் முடியும். பெட்டகம் திறக்கப்பட்ட எல்லாப் பாடகர்களுக்கும் இப்படி நடக்கவில்லையே. அதைவிட முக்கியமாக, அந்த வெளியீடுகளில் எது மாற்றப்பட்டது, எது தொடப்படவில்லை என்று பார்க்க வேண்டும். 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' பாடலாசிரியர் சிண்டி வாக்கருக்காக ரீவ்ஸ் பாடிவைத்த வெறும் மாதிரிப் பதிவு. பிறகு அதன்மேல் வாத்தியக் குழுவைச் சேர்த்து வெளியிட்டபோது, 1966இல், பீட்டில்ஸ் கோலோச்சிய பிரிட்டனில், ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. 1981இல் அவர் குரலையும் 1963இல் மறைந்த பாட்சி கிளைனின் குரலையும் ஒட்டி ஒரு ஜோடிப்பாட்டே உருவாக்கினார்கள். ரசனைக் குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆயினும் ரசிகர்கள் அதையும் வாங்கினார்கள். வாத்தியங்கள் மாறின, கூடப் பாடுபவர் மாறினார், குரல் மட்டும் மாறவில்லை. ஆய்வாளர் எவரும் திட்டமிடாமலே நடந்துவிட்ட சோதனை இது. பற்று எதன் மீதானது என்பதை ரசிகர் கடிதங்களைவிட இது தெளிவாகக் காட்டுகிறது.

மைக்கை நெருங்கிப் பாடுவது பாடகர் பிங் கிராஸ்பி காலத்து உத்திதானே, ரீவ்ஸுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை உச்சரிப்பில் இருக்கிறது. அறிவிப்பாளராக இருந்தவர், சொல்லை விழுங்காமல், நிதானமாக, வட்டார வழக்கின் சாயலைத் தணித்துப் பாடினார். ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவருக்கும் ஒவ்வொரு சொல்லும் பிடிபடும். கிராமத்து வாடையைக் கன்ட்ரி இசைத்தொழிலின் மையமான நாஷ்வில் வடிகட்டிவிட்டது என்று கன்ட்ரி இசைத் தூய்மைவாதிகள் குறைப்பட்ட அதே குணம்தான் கடல் கடந்த கேட்போருக்கு வாசல் திறந்தது. தென்னாப்பிரிக்காவில் அவர் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் பாடிப் பதிவுசெய்தார், 'கிம்பர்லி ஜிம்' படத்தில் நடித்தார். நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது என்பதால் அங்கு கிடைத்த புகழை அரசியல் நீக்கி வாசிக்க முடியாது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இலங்கை, இந்தியக் கிறிஸ்தவ வீடுகளில் அவர் நிலைத்திருப்பது 1963இல் வெளியான கிறிஸ்துமஸ் தொகுப்பாலும் பக்திப்பாடல்களாலும்தான், அது பண்டிகைப் பழக்கமே அன்றிப் பற்றல்ல என்பது கடைசி மறுப்பு. பாதி உண்மை. ஆண்டுதோறும் டிசம்பர் அவரை அடுத்த தலைமுறையின் காதில் போட்டுவைக்கிறது. ஆனால் பழக்கம் மட்டுமே காரணமென்றால் கிறிஸ்துமஸ் பாட்டுகளோடு கேட்பு நின்றிருக்க வேண்டும். அதே வீடுகளில் 'ஹீல் ஹேவ் டு கோ'வும் கேட்கப்படுகிறது. மதுக்கடையிலிருந்து ஒருவன் போன் பேசும் அந்தப் பாட்டுக்குப் பண்டிகையும் இல்லை, பக்தியும் இல்லை.